நீல ஐசி இல்லாத கோல்கீப்பர்

மலேசியாவில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, காலைச் சபையில் நாட்டுப் பண்ணான நெகாராகூ பாடி வளர்ந்த ஒரு பையன், கோல்கம்பங்களுக்கு நடுவே நல்ல கெட்டிக்காரனாக இருந்தும், மாநில இளையோர் அணியின் வாசலைக்கூடத் தாண்ட முடியாமல் போனதைப் பற்றி எழுதுகிறேன். அவன் என் அண்ணன் மகன். உண்மைப் பெயர் வேண்டாம், கதிர் என்று வைத்துக்கொள்வோம். அவனை வளர்த்தவன் என்ற முறையில் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலின் தொடக்கத்திலேயே யாராவது என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், பணமும் மிஞ்சியிருக்கும், பையனின் பதின்ம வயதும் இப்படிக் கரைந்திருக்காது. நாட்டுக்காக விளையாடுவது என்ற பெரிய பேச்சு திடலில் முடிவாவதில்லை, ஒரு பிறப்புப் பத்திரத்தின் கீழ்க்கட்டத்தில் முடிவாகிறது என்பதை அறிய எனக்கு அத்தனை காலம் ஆயிற்று.

என் அண்ணன் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கோயிலில் தாலி கட்டி மணந்தார். ஊரறியக் கல்யாணம், பந்தி, மொய் எல்லாம் நடந்தன. பதிவு மட்டும் நடக்கவில்லை. அண்ணியின் வேலை பெர்மிட் சிக்கலில் இருந்ததால், அது சரியானதும் பதிந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். 2006-இல் கதிர் அரசு மருத்துவமனையில் பிறந்தான். அவன் பால்குடி மறக்கும் முன்பே அண்ணன் லாரி விபத்தில் இறந்துவிட்டார். அண்ணி ஊருக்குப் போய் வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. சில மாதங்களில் தொலைபேசி எண்ணும் செத்துப்போயிற்று. குழந்தை எங்கள் வீட்டில் என் மூன்றாவது பிள்ளையாக வளர்ந்தான். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருந்தது, அப்பாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணும் இருந்தது. ஆனால் குடியுரிமை நிலை என்ற கட்டத்தில் ‘பூக்கான் வார்காநெகாரா’, அதாவது குடிமகன் அல்ல, என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பள்ளிச் சேர்க்கையின்போது தலைமையாசிரியர் அந்த வரியைக் கண்டு நெற்றியைச் சுருக்கினாலும், தகப்பன் மலேசியர் என்பதால் ஏற்பாடு செய்து சேர்த்துக்கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. 1976-ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். பதியாத திருமணத்தில் பிறந்த குழந்தை சட்டத்தின் கண்ணில் திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தை. அரசியல் சாசனத்தின் இரண்டாம் அட்டவணைப்படி அப்படிப்பட்ட குழந்தைக்குக் குடியுரிமை விஷயத்தில் ‘தகப்பன்’ என்றால் தாய் என்று பொருள். தாய் மலேசியராக இருந்தால் பிரச்சினை இல்லை, தாய் வெளிநாட்டவராக இருந்தால் பிள்ளையும் வெளிநாட்டவனே. அப்பாவின் பெயர் பத்திரத்தில் இருப்பதோ, மரபணுச் சோதனையில் நூறு விழுக்காடு பொருந்துவதோ உதவாது. 2021-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கில் பெற்றோர் பிள்ளை பிறந்த பிறகு முறையாகத் திருமணத்தையும் பதிந்திருந்தார்கள், அப்படியும் போதவில்லை. ஆகவே வெளிநாட்டுப் பெண்ணை மணக்கவிருக்கும் தம்பிகளுக்கு ஒரே வார்த்தை: முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கும் அன்றே பதிவுக்கும் நாள் பாருங்கள், குழந்தை பிறப்பதற்கு முன் அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

2018-இல் கதிருக்குப் பன்னிரண்டு வயது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் குடிமக்களுக்கான நீல ஐசி எடுக்கப் போன பருவம். இவனை அழைத்துக்கொண்டு நானும் பதிவிலாகாவுக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, இவன் விண்ணப்பிக்க முடியாது என்றார். வீடு திரும்பும் வழியில் அவன் கேட்ட ஒரே கேள்வி, “சித்தப்பா, அப்போ நான் எந்த நாட்டுக்குக் கீப்பராகணும்?” என்பதுதான். அதே ஆண்டில்தான் காம்பியாவில் பிறந்த முகமடு சுமாரே மலேசியக் குடியுரிமை பெற்று ஹரிமாவ் மலாயா என்ற தேசிய அணியின் சீருடையில் இறங்கினார். இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்து, மலாய் பேசி, உள்ளூர் லீக்கில் ஓடி உழைத்தவர் அவர்; அவர் மீது எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. தொலைக்காட்சியில் அவர் கோல் அடித்தபோது எங்கள் வீட்டில் முதலில் குதித்தவன் கதிர்.

என் அப்பா ஒரு பந்துப் பைத்தியம். 1938-இல் கோலலங்காட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1951-இலிருந்தே, காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தார் என்பதை அப்பா ஏதோ சொந்த மாமா செய்தி போலச் சொல்வார். 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது, அதற்காகவே கட்டிய மெர்டேக்கா அரங்கில் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது, அதே ஆண்டு அதே அரங்கில் மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. புதிதாகப் பிறந்த நாடு தன் மூன்று இனங்களையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள அந்தத் திடலைவிட நல்ல இடம் வேறு இருக்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன அணியின் தலைவர் எம். சந்திரன், அங்கே அமெரிக்காவை 3-0 என்று அடித்தார்கள். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோலில் நின்றவர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம், தடுப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், வெற்றிக் கோல் சபாவின் ஜேம்ஸ் வோங். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ போகவே இல்லை. அரசியல் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அப்பா சொல்வார். கதிர் கீப்பர் ஆனதற்கு அவர் சொன்ன ஆறுமுகம் கதைகளே காரணம்.

அந்தக் கதைகளில் அப்பா அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு. விடுதலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. அதற்கு முன் பிறந்த பலர் மனுப்போட்டு, மலாய் மொழி தெரியும் என்று காட்டி, உறுதிமொழி எடுத்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்பா சைக்கிளில் போய்ப் பதிந்துகொண்டார். பக்கத்து வரிசை வீட்டுக்காரர்கள் பலர் ‘நாம எங்கே போகப் போறோம்’ என்று விட்டுவிட்டார்கள். பிறகு 1962-இல் சட்டம் இறுக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு இருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். தோட்ட அணியில் அப்பாவோடு ஆடிய இருவர் அப்படிப் போனவர்கள். தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவை நாடு அறிவித்ததும் அதே காலத்தில், 1970-இல். ஒரே அணியாக நிற்போம் என்று ஒரு பக்கம் உறுதிமொழி, இன்னொரு பக்கம் பெர்மிட் தாள். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கையிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டில் அந்தத் தாள் தலைமுறை தாண்டி வந்து நிற்கும் என்று அப்பா நினைத்திருக்க மாட்டார்.

சரி, கதிருக்கு வருகிறேன். பதின்மூன்று வயதில் ஒரு பயிற்சி அகாடமியின் தேர்வுக்குப் போனான். வளர்த்தி இருந்தது, கை நீளம், பயப்படாமல் காலடியில் பாய்வான். பயிற்றுநர் அவனைத் தனியாக நிறுத்தி அரை மணி நேரம் உயரப் பந்துகளை அடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து கை குலுக்கினார். மறு வாரம் விண்ணப்பப் பாரங்கள் வந்தன. ஐசி நகல் ஒட்டும் இடம் காலியாக இருந்ததும் பேச்சின் தொனி மாறியது. சந்தா கட்டிப் பயிற்சிக்கு வரலாம், ஆனால் போட்டிகளுக்குப் பெயர் அனுப்ப முடியாது என்றார்கள். பயிற்சிக்கு மட்டும் மாதம் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஓராண்டுக்கு மேல் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் மற்றப் பையன்கள் களமிறங்கும்போது இவன் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பான். பெற்றோர் கவனிக்க வேண்டியது இதுதான்: எந்த அகாடமியாக இருந்தாலும், பணம் கட்டும் முன், பிள்ளையின் பெயரைப் போட்டிகளுக்குப் பதிய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்பது அவர்களுக்குச் சந்தா, பிள்ளைக்கு ஆண்டு.

அந்த அகாடமியில் அறிமுகமானவர் வழியாகத்தான் ஒரு முகவர் வந்தார். உள்துறை அமைச்சில் ஆள் தெரியும், ஆறு மாதத்தில் நீல ஐசி, எட்டாயிரம் வெள்ளி என்றார். என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு தவணையாகக் கொடுத்தோம். ஒரு கோப்பு எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாம் நின்றுவிட்டது என்றார், பிறகு அவருடைய எண்ணே நின்றுவிட்டது. அந்தக் கோப்பு எண்ணை முகப்பில் கொடுத்துக் கேட்டபோது, அது வேறு யாருடைய பிறப்புப் பதிவுக்கோ உரிய எண் என்று தெரிந்தது. போலீசில் புகார் கொடுத்தோம், ரசீது இல்லாததால் அதற்கு மேல் நகரவில்லை. பண இழப்பைவிட எனக்கு வலித்தது, அந்தக் காலம் முழுவதும் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது என்று பையனிடம் சொல்லிக்கொண்டே இருந்ததுதான். குடியுரிமை விண்ணப்பத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டு உங்கள் கையில் இல்லையென்றால், விண்ணப்பமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும் அதற்கு வெளியே வேறு வழி கிடையாது.

பிறகு நானே சட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களுக்குப் பெயரளவுக் கட்டணம்தான். அங்கே ஓர் இளம் வழக்கறிஞர் இரண்டு கதவுகளைக் காட்டினார். ஒன்று, சாசனத்தின் 15ஏ பிரிவு: சிறப்புச் சூழ்நிலை இருந்தால் இளவயதுப் பிள்ளை ஒருவரை அரசாங்கம் குடிமகனாகப் பதியலாம். ‘சிறப்புச் சூழ்நிலை’ என்றால் என்ன என்று எங்கும் விளக்கம் இல்லை, முடிவு முழுக்க அரசாங்கத்தின் விருப்புரிமை, மறுத்தால் காரணம் சொல்லவும் தேவையில்லை. இன்னொன்று, இங்கே பிறந்து வேறு எந்த நாட்டின் குடிமகனாகவும் ஆகாத பிள்ளை சட்டப்படியே குடிமகன் என்ற இரண்டாம் அட்டவணை விதி. 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் யாரென்றே தெரியாமல் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு ஏகமனதாகக் குடியுரிமை வழங்கியது இத்தகைய வழியில்தான். கதிரின் தாய் யார், எந்த நாட்டவர் என்பது தெரிந்திருந்ததால் எங்களுக்கு இரண்டாவது கதவு கடினம் என்றார் வழக்கறிஞர். அவன் இந்தோனேசியக் குடிமகன் அல்ல என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. இல்லாத ஒன்று இல்லை என்று ஒரு தூதரகத்திடம் தாள் வாங்குவதற்குள் பொறுமையின் அடி தெரிந்துவிடும். தாயின் பழைய கடப்பிதழ் நகல் ஒன்று அண்ணனின் முதலாளியிடம் கிடைத்ததால்தான் தூதரகம் எங்களோடு பேசவே சம்மதித்தது. வெளிநாட்டு மருமகள் உள்ள வீடுகளில் அவர்களுடைய கடப்பிதழ், பெர்மிட், ஊர் முகவரி ஆகியவற்றின் நகல்களை இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஆள் இருக்கும்போது அது அவநம்பிக்கை போலத் தோன்றலாம், ஆள் இல்லாதபோது அது ஒன்றுதான் பிடிமானம்.

15ஏ விண்ணப்பத்துக்கு முன் இன்னொரு வேலை இருந்தது. கதிருக்கு நான் சட்டப்படி யாருமில்லை. அவனை வளர்த்தேன், பள்ளிக்கு அனுப்பினேன், காய்ச்சலுக்கு விழித்திருந்தேன். ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு இருக்கவில்லை. நீதிமன்றத்தில் பாதுகாவலர் ஆணை வாங்கிய பிறகே விண்ணப்பம் எடுபட்டது. தத்தெடுப்பு ஆணையும் பிறகு வாங்கினோம். தத்தெடுத்தாலே குடியுரிமை வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது வராது. ஆனால் அது கோப்பைக் கனமாக்கும். உறவுக்காரப் பிள்ளையை வளர்ப்பவர்கள் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்த ஆணையை வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் பிள்ளை வளர்ந்து வயது வரம்பைத் தாண்டிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

அந்தச் சமயத்தில் கிள்ளானில் ஒரு வாரக்கடைசி ஆட்டத்தில் கதிரின் மணிக்கட்டு முறிந்தது. நீல ஐசி உள்ளவர் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி கட்டுவார். கதிருக்கு வெளிநாட்டவர் கட்டணம். அறுவைக்கு முன் கேட்ட முன்பணமே என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பக்கத்துக் கட்டிலில் அதே முறிவோடு படுத்திருந்தவர், தான் மொத்தமாகக் கட்டியதைச் சொன்னபோது நான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். இத்தகைய பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால் ஒரு சிறு தனியார் விபத்துக் காப்புறுதியாவது எடுங்கள். சில நிறுவனங்கள் பிறப்புப் பத்திரத்தை வைத்தே ஏற்றுக்கொள்கின்றன. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் வருமானச் சான்றோடு கேட்டால் தவணையாகக் கட்டவும் விடுவார்கள். இதைக் கட்டணச் சீட்டு வந்த பிறகு கேட்பதைவிட, கட்டிலில் சேரும் அன்றே கேட்பது நல்லது.

2021-இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 2023-இல் பதில் வந்தது. வருந்துகிறோம், ஏற்கப்படவில்லை என்று ஒரே பத்தி. கதிர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தான். அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவனுடைய கீப்பர் கையுறைகள் அன்றைக்கு வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளங்கை ரப்பர் உரிந்து, கட்டைவிரல் தையலை என் மனைவி பச்சை நூலால் தைத்திருந்தார். மறுநாள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு போவான் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. அந்த ஆண்டு முழுக்க அவன் பந்தைத் தொடவில்லை. பிள்ளைகளை இப்படிப்பட்ட பதிலுக்கு முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும். முதல் முறை மறுப்பது வழக்கம், மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று நான் முன்பே அவனிடம் சொல்லிவைக்காதது, எனக்கே அப்போது அது தெரியாததால்தான். 2024-இல் புதிய ஆவணங்களோடு மறுபடியும் கொடுத்தோம். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றத்தின் மக்களவை குடியுரிமைச் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நல்ல செய்தி. ஆனால் 15ஏ பிரிவின் வயது வரம்பை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாக அது குறைக்கிறது. எங்கள் கோப்பு முன்பே உள்ளே போயிருந்தது. இனி வருகிறவர்கள் பதினெட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு ஓடுங்கள்.

இந்த நிலையில் 2025 ஜூன் 10 வந்தது. புக்கிட் ஜாலில் அரங்கில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். கதிர் மறுபடி விளையாட ஆரம்பித்திருந்தான், அவனும் நானும் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின் பக்கமிருந்து வந்து புதிதாகக் குடியுரிமை பெற்ற ஆட்டக்காரர்கள் அபாரமாக ஆடினார்கள், நானும் கத்தினேன். செப்டம்பர் 26-ஆம் தேதி ஃபிஃபா அப்படி வந்த ஏழு பேரின் ஆவணங்கள் போலி என்று கூறி மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், வீரர்களுக்கு ஓராண்டுத் தடையும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டையும் தள்ளியது; சங்கம் அதை நிர்வாகப் பிழை என்றே சொல்லி, விளையாட்டு நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது. பாட்டன் பாட்டிகள் மலேசிய மண்ணில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்களுக்கு மாறாக, அசல் பதிவுகள் அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் என்று சொல்வதாக ஃபிஃபா கண்டறிந்தது. பழைய கையெழுத்துப் பதிவுகள் கிடைக்காததால், பிற ஆவணங்களை வைத்துப் பிரதிகள் வழங்கப்பட்டன என்று பதிவிலாகா சொன்னதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, சாசனம் தரும் விருப்புரிமையைப் பயன்படுத்தி வசிப்புக் கால நிபந்தனையைத் தளர்த்தியதாக உள்துறை அமைச்சர் விளக்கினார்.

அந்த வாரம் நான் அலமாரியைத் திறந்து அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய தாள், நீல மையில் ஆங்கிலக் கையெழுத்து. பிறந்த இடம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும், தகப்பன் தொழில் என்ற இடத்தில் பால்மரத் தொழிலாளி என்றும், கீழே செய்தி கொடுத்தவராகத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரின் கையெழுத்தும் இருந்தன. ஃபிஃபாவின் விதி, புதிதாகக் குடியுரிமை பெற்றவர் ஒரு நாட்டின் அணியில் ஆட வேண்டுமானால் அவரோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த விதியின் அந்தப் பாதிக்கு என் அண்ணன் மகனிடம் அசல் இருக்கிறது. அவன் தகப்பனும் இங்கே, அவனும் இங்கே பிறந்தவர்கள். மறு பாதியான நாட்டின் கடப்பிதழ்தான் அவனிடம் இல்லை. வந்தவர்களுக்கு மறு பாதி மாதங்களில் கிடைத்தது, முதல் பாதியில்தான் வில்லங்கம். நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் என் கோபம் அந்த ஆட்டக்காரர்கள் மேல் போகவில்லை. ஒரே சாசனத்தின் விருப்புரிமை ஒருவருக்கு வேகமாகத் திறப்பதும் இன்னொருவருக்கு ஒரு பத்திக் கடிதத்தோடு மூடுவதும் ஏன் என்பதற்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரில்லை என்பதன் மேல்தான். 2010-இல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து தென்கிழக்காசியக் கோப்பையை வாங்கித் தந்த அணியில் தோட்டத்து வேர் உள்ள பெயர்கள் இருந்தன. இன்று தேசிய அணியில் தமிழ்ப் பெயர் அரிதாகிவிட்டது. திடல்கள் எண்ணெய்ப்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியது ஒரு காரணம். நாடற்ற பிள்ளைகள் எத்தனை பேர் கதிரைப் போல வாசலிலேயே நின்றுபோனார்கள் என்பதை யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இந்த விவகாரம் சூடாக இருந்தபோது, கதிரின் கதையை முகநூலில் போடு, ‘வெளிநாட்டுக்காரனுக்கு உண்டு, நம் பிள்ளைக்கு இல்லை’ என்று எழுது, பரவிவிடும் என்று நண்பர்கள் நெருக்கினார்கள். சில அரசியல்வாதிகளின் உதவியாளர்களும் தொடர்புகொண்டார்கள். வழக்கறிஞர் வேண்டாம் என்றார், நானும் அதையே நினைத்தேன். ஒரு பிள்ளையின் கோப்பு கட்சிச் சண்டையில் ஒரு சுவரொட்டி ஆகிவிட்டால், சண்டை முடிந்த பிறகு அதை யாரும் தொடமாட்டார்கள். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை, எந்தக் கட்சியாக இருந்தாலும், அவருடைய சேவை மையத்தில் நேரில் சந்தித்து ஆதரவுக் கடிதம் வாங்குவது வேறு விஷயம். அதை நாங்கள் செய்தோம், அது கோப்பில் இருக்கிறது. அதே கோப்பில் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம், பயிற்றுநர் கொடுத்த சான்று, பிறந்த மருத்துவமனையின் பதிவு, அண்ணனின் இறப்புப் பத்திரம், கோயில் கொடுத்த திருமணச் சீட்டு, கல்யாணப் புகைப்படங்கள், தாய் போனதைப் பற்றி அண்டை வீட்டார் கொடுத்த சத்தியப் பிரமாணங்கள், தூதரகக் கடிதம் எல்லாம் இருக்கின்றன. எந்த நாள் எந்த முகப்பில் என்ன சொன்னார்கள் என்று நான் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வருகிறேன். நீதிமன்றம் போனால் அந்த நோட்டுத்தான் பிரமாணப் பத்திரத்துக்கு அடிப்படை என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

இப்போது இரண்டாவது விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. கதிர் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமைகளில் ஐசி கேட்காத ஒரு நட்புமுறை லீக்கில் கோலில் நிற்கிறான். இந்த முறையும் மறுத்தால், தூதரகக் கடிதத்தை வைத்து இரண்டாம் அட்டவணை வழியில் உயர் நீதிமன்றத்துக்குப் போவதாக இருக்கிறோம். சட்ட உதவி மையம் கட்டணம் வாங்காமல் நடத்தித் தர ஒப்புக்கொண்டிருக்கிறது, பதிவுச் செலவும் மொழிபெயர்ப்புச் செலவும் மட்டும் எங்களுடையவை. இதே நிலையில் இருப்பவர்கள் அந்த மையத்துக்கு முதல் முறை போகும்போது, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு, தகப்பன் வழிப் பாட்டனுடைய பத்திரத்தின் அசலையும் எடுத்துக்கொண்டு போங்கள். நகலில் அந்தப் பழைய மை எழுத்து சரியாகத் தெரியாது, எங்களைத் திருப்பி அனுப்பி அசல் கொண்டுவரச் சொன்னார்கள்.